சேற்றுக்கு என்ன குறை?

1989ஆம் ஆண்டுக் கோடை. அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் கடற்பகுதியில், நைட் தீவை ஒட்டிய ஸ்னக் ஹார்பர் என்ற ஒதுக்கமான கரை. அந்த ஆண்டு மார்ச் 24 அன்று பிளை பாறைத்திட்டில் மோதிய எக்ஸான் வால்டீஸ் கப்பலிலிருந்து ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியிருந்தது. அதில் ஒரு பங்கு இந்தக் கரையின் கூழாங்கற்களின்மேல் தார்போல அப்பிக் கிடந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் கரையில் சில கட்டங்களை அளந்து குறித்தார்கள். ஒரு கட்டத்தின்மேல், எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும் வகை உரத்தைத் தெளித்தார்கள். நுண்ணுயிர் எதையும் கொண்டுவந்து போடவில்லை, வெறும் உரம்தான். இரண்டு மூன்று வாரங்களில் கறுத்த கரையின் நடுவே ஒரு செவ்வகம் மட்டும் வெளுத்துவிட்டது. ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தவர்களுக்குக் கரிபிடித்த சுவரில் ஜன்னல் திறந்ததுபோல் தெரிந்தது.

எண்ணெய் படிந்த கரைகளை நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்தம் செய்வது என்ற துறையை அந்த ஜன்னல்தான் வளர்த்தது. அதைக் கொஞ்சம் கெடுத்ததும் அதுதான் என்பேன். உரத்தைத் தூவினால் போதும், பாக்டீரியா மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அன்றிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. உரத்தோடு நிற்காமல், நுண்ணுயிர்ப் பொடியையே மூட்டை கட்டி விற்கும் வியாபாரமும் அதன் பின்னாலேயே வந்தது. அதற்குப் பிந்தைய முப்பத்தைந்து ஆண்டுச் சோதனைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை அவ்வளவு நேராக இல்லை. சில கரைகளில் உரம் வேலை செய்தது. சிலவற்றில் அது தேவையே படவில்லை. சிலவற்றில் எவ்வளவு போட்டும் பலனில்லை. பாக்டீரியா எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே ஆள்தான். மாறியது அது குடியிருக்கும் மணலும் சேறும்.

எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர் கடலுக்குப் புதிதல்ல. கடலடிப் பாறை இடுக்குகளிலிருந்து எண்ணெய் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கசிந்துகொண்டே இருக்கிறது; அதைச் செரிக்கும் உயிர்களும் அவ்வளவு காலமாக இருக்கின்றன. அமெரிக்கக் கடல் நுண்ணுயிரியலாளர் கிளாட் ஸோபெல் 1946லேயே இதைப் பற்றி விரிவான மதிப்புரை எழுதிவிட்டார். இவற்றில் பேர்போனது அல்கானிவோராக்ஸ் போர்குமென்சிஸ். வட கடலில் உள்ள போர்கும் தீவின் பெயரைத் தாங்கி 1998இல் முறையாக விவரிக்கப்பட்டது. சாப்பாட்டு விஷயத்தில் இது மகா பிடிவாதக்காரர். சர்க்கரையை வைத்தால் தொடாது. எண்ணெயிலுள்ள ஆல்கேன் சங்கிலிகளைத்தான் பெரும்பாலும் தின்னும். சாதாரணக் கடல்நீரில் தேடினாலும் கிடைக்காத அளவுக்கு அரிதாக இருக்கும். எண்ணெய் வந்தால் சில நாளில் பெருகி, அங்குள்ள பாக்டீரியாக் கூட்டத்தில் பெரும்பங்காகிவிடும். 1997இல் ஜப்பான் கடலில் நக்கோத்கா என்ற ரஷ்யக் கப்பல் உடைந்து கனரக எண்ணெய் கரையேறியபோது, அந்த எண்ணெயை வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் செய்த சோதனைகளில் இது கண்கூடாகத் தெரிந்தது. ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது: எண்ணெயோடு சத்தும் இருக்க வேண்டும். வெறும் எண்ணெயை மட்டும் வைத்தபோது அந்தப் பெருக்கம் வரவில்லை.

ஏன் என்பது விவசாயிக்குச் சொல்லாமலே புரியும். கச்சா எண்ணெய் என்பது கார்பனும் ஹைட்ரஜனும். உடம்பு வளர்க்க அது மட்டும் போதாது. புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும், மரபணுவுக்குப் பாஸ்பரஸ் வேண்டும். நம் ஊர்ச் சொல்லில் தழைச்சத்தும் மணிச்சத்தும். திறந்த கடலிலும் பல கரைகளிலும் இவை இரண்டும் அற்பம். மலைபோல் வெறுஞ்சோற்றைக் குவித்து, பக்கத்தில் ஒரு கரண்டி குழம்புகூட வைக்காத பந்தி அது. 1972இல் ரொனால்ட் அட்லஸும் ரிச்சர்ட் பார்த்தாவும் இதைத்தான் சோதனையில் காட்டினார்கள்: கடல்நீரில் எண்ணெய் மெதுவாகச் சிதைவதற்குக் காரணம் பாக்டீரியா இல்லாமை அல்ல, நைட்ரஜனும் பாஸ்பரஸும் இல்லாமை. அடுத்த கேள்வி உடனே வந்தது. உரத்தைக் கடலில் போட்டால் அது கரைந்து ஓடிவிடுமே?

அதற்குக் கிடைத்த இரண்டு விடைகள்தான் அலாஸ்காவில் பயன்பட்டன. ஒன்று, பிரான்சில் உருவான இனிபால். யூரியாக் கரைசலின் நுண்துளிகளை ஒலியிக் அமிலத்துக்குள் பொதிந்த கலவை அது. எண்ணெயைப் போலவே எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும், அலை அடித்தாலும் சட்டென்று போகாது. மற்றொன்று, கஸ்டம்பிளென். தாவர எண்ணெயால் ஆன பூச்சுக்குள் அமோனியம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடைத்த குருணை. ஒவ்வொரு ஏற்றவற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். 1989 ஆகஸ்டில் தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட கரையில் இவை இடப்பட்டன. மொத்தக் கணக்கு ஏறத்தாழ 50 டன் நைட்ரஜன், 5 டன் பாஸ்பரஸ்.

இனிபால் பரம சாதுவான பொருள் என்று சொல்ல முடியாது. கலவையை இளக்குவதற்காக அதில் சேர்த்த பியூடாக்ஸி எத்தனால் நச்சுத்தன்மை உள்ளது. ‘உயிர்வழி’ என்ற முன்னொட்டு வந்துவிட்டாலே தீங்கற்றது என்று நினைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன். ஆனால் அன்று அதற்கு மாற்றாக இருந்ததையும் பார்க்க வேண்டும். சூடான நீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சிக் கற்களைக் கழுவினார்கள். எண்ணெய் போனது, கூடவே கரையில் ஒட்டி வாழ்ந்த சிப்பியும் பாசியும் நத்தையும் வெந்துபோயின. அப்படிக் கழுவிய இடங்கள், எண்ணெயோடு விட்டுவைத்த இடங்களைவிடத் தாமதமாகவே மீண்டன என்று பின்னால் வந்த கண்காணிப்பு சொன்னது.

ஜன்னலைப் பற்றி ஒரு நியாயமான சந்தேகமும் அப்போதே எழுந்தது. ஒலியிக் அமிலம் சோப்புக்கு உறவுக்காரப் பொருள். ஒருவேளை பாக்டீரியா எதையும் தின்னவில்லை, அமிலம்தான் எண்ணெயைக் கல்லிலிருந்து கழற்றிக் கடலுக்கு அனுப்பிவிட்டதோ? இதைத் தீர்க்க பாசேஜ் கோவ் என்ற மற்றொரு கரையில் அமிலமே இல்லாத வெறும் உரநீரைத் தூவுகுழாய் வைத்துத் தெளித்தார்கள். அங்கும் கல் வெளுத்தது. சந்தேகம் பாதி தீர்ந்தது. மீதியைத் தீர்க்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது.

அந்த அளவுகோல் கிடைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை. கரையிலுள்ள எண்ணெய் ஓரிடத்தில் கையளவு தடிமன், அடுத்த அடியில் ஒன்றுமில்லை. இன்று ஓரிடத்தில் எடுத்த மாதிரியையும் அடுத்த மாதம் இரண்டடி தள்ளி எடுத்த மாதிரியையும் எடைபோட்டு, எண்ணெய் குறைந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆகவே எண்ணெய்க்குள்ளேயே, பாக்டீரியா தொடாத ஒரு மூலக்கூறைத் தேடினார்கள். ஹோப்பேன் அகப்பட்டது. ஐந்து வளையங்கள் பின்னிய கடினமான கட்டமைப்பு அதற்கு. நுண்ணுயிர்கள் அதை எளிதில் உடைப்பதில்லை. மற்றவை கரையக் கரைய, மிச்ச எண்ணெயில் ஹோப்பேனின் விகிதம் ஏறும். அந்த ஏற்றத்தை வைத்து எவ்வளவு தின்னப்பட்டது என்று கணக்கிடலாம். அலை அடித்துக்கொண்டு போனால் ஹோப்பேனும் சேர்ந்தே போகும், விகிதம் மாறாது. தின்றதையும் கழுவிப்போனதையும் பிரித்துச் சொல்லும் தராசு இது. இந்த ஹோப்பேனே பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பாக்டீரியாக்களின் உயிரணுச் சவ்வில் இருந்த பொருளின் எச்சம். பேரன் தின்ற கணக்கைப் பாட்டனின் எலும்பை வைத்து அளக்கிறோம்.

பிராக், பிரின்ஸ், ஹார்னர், அட்லஸ் ஆகியோர் 1994இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இந்த அளவுகோலால் எழுதப்பட்டது. உரம் சிதைவின் வேகத்தை ஐந்து மடங்கு வரை கூட்டியது என்றது அது. கூடவே இன்னொன்றும் சொன்னது: வேகத்தை முடிவு செய்தது ஒரு பங்கு எண்ணெய்க்கு எவ்வளவு நைட்ரஜன் போய்ச் சேர்ந்தது என்பதுதான். தெளித்த மூட்டைக் கணக்குக்கு இதில் இடமில்லை. மணல் இடுக்கிலுள்ள நீரில் எவ்வளவு நின்றது என்பதே கணக்கு. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். துறையின் பிற்கால வரலாறு முழுவதும் இதைச் சுற்றித்தான் நடந்தது.

அதே 1994இல் ஆல்பர்ட் வெனோசா என்ற சுற்றுச்சூழல் முகமை விஞ்ஞானி டெலவேர் மாநிலத்தின் ஃபவுலர் கடற்கரையில், விபத்துக்காகக் காத்திராமல், அனுமதி பெற்று வேண்டுமென்றே நைஜீரிய இலகு எண்ணெயை ஊற்றினார். மணற்கரையை ஐந்து தொகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டத்தில் எண்ணெய் மட்டும். ஒன்றில் எண்ணெயோடு உரநீர். ஒன்றில் உரநீரோடு அதே கரையிலிருந்து எடுத்து வளர்த்த பாக்டீரியாவும். எது எங்கே என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார். பதினான்கு வாரம் அளந்தார். வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையில் புது விதையைச் சோதிப்பது போன்ற ஒழுங்கு. இதற்கு முன் கடற்கரையில் இவ்வளவு கறாராக யாரும் செய்யவில்லை.

முடிவு பலருக்கு உவப்பாக இல்லை. உரமிட்ட கட்டங்கள் முந்தின, ஆனால் கொஞ்சம்தான். ஒன்றுமே செய்யாத கட்டங்களும் நன்றாகவே சுத்தமாகிக்கொண்டிருந்தன. காரணம் மணலிடுக்கு நீரிலேயே இருந்தது. அந்தக் கரையின் நீர் இயல்பாகவே சத்து மிகுந்தது. உரமிடாத கட்டத்திலேயே லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் நைட்ரஜன் நின்றது. பாக்டீரியா முழு வேகத்தில் ஓட ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிகிராம் போதும் என்பதால், அவற்றுக்கு ஏற்கெனவே அரைவயிற்றுக்கு மேல் நிறைந்திருந்தது. பாக்டீரியா சேர்த்த கட்டங்களோ, உரம் மட்டும் இட்ட கட்டங்களைவிட ஒரு படிகூட முந்தவில்லை. கொண்டுபோய்ப் போட்டவை வெளியூர்ச் சரக்குகூட அல்ல, அதே கரையில் பிறந்தவை. அதற்கே இந்த நிலை.

பொடி வியாபாரத்தைப் பற்றி இங்கே பேசிவிடலாம். அலாஸ்கா விபத்துக்குப் பின் பல நிறுவனங்கள் தங்கள் நுண்ணுயிர்க் கலவைகளோடு வரிசையில் நின்றன. பத்துப் பொருள்களை முகமை ஆய்வகத்தில் சோதித்து, தேறிய இரண்டை 1990இல் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் கரையிலேயே இட்டுப் பார்த்தது. இட்ட கட்டத்துக்கும் இடாத கட்டத்துக்கும் புள்ளியியல் ஏற்கும் வேறுபாடு எதுவும் இல்லை. இதற்கும் முந்தைய கதை ஆனந்த மோகன் சக்ரவர்த்தியுடையது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணிபுரிந்த இந்த வங்காள விஞ்ஞானி, பல வகை ஹைட்ரோகார்பன்களைச் சிதைக்கும் மரபணு வளையங்களை ஒரே சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்குள் சேர்த்தார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை தரலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1980 ஜூன் 16 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ந்தது. சட்ட வரலாற்றில் அதற்கு அழியாத இடம் உண்டு. எண்ணெய்க் கசிவு எதையும் அந்தப் பாக்டீரியா சுத்தம் செய்ததில்லை.

கரையில் அந்நிய நுண்ணுயிர் ஏன் தோற்கிறது? ஆய்வகக் குடுவையில் அதற்குப் போட்டியில்லை. கரையில் ஒவ்வொரு மணற்பரலிலும் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. பாக்டீரியாவைப் பிடித்துத் தின்னும் ஒற்றைச் செல் உயிர்கள் இருக்கின்றன. நாளுக்கு இரண்டு முறை கடல் வந்து அலசிக்கொண்டு போகிறது. உள்ளூர் எண்ணெய்த் தின்னிகளோ சில நாளில் தாமாகவே ஆயிரம் மடங்கு பெருகிவிடுகின்றன. ஏற்கெனவே கூட்டம் நெரியும் இடத்துக்கு நூறு பேரை லாரியில் ஏற்றி அனுப்புவதுபோல்தான் இது.

இதற்காக நுண்ணுயிர்க் கலவையே வீண் என்று முடிவு கட்டுவது தவறு. இடம் வேறானால் கதை வேறு. டெல்லியிலுள்ள டெரி நிறுவனம் உருவாக்கிய ஆயில்ஸாப்பர், சோளக்கதிர்த் தக்கையைப் பொடித்து அதன்மேல் பாக்டீரியாக்களை ஏற்றிய பொருள். சுத்திகரிப்பு ஆலைகளின் எண்ணெய்க் கசடுக் குழிகளில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். குழியில் அலை இல்லை, மண்ணைக் கிளறலாம், ஈரமும் உரமும் கையில் இருக்கின்றன, கசடு பல காலம் நச்சாகவே கிடந்ததால் உள்ளூர்க் கூட்டமும் மெலிந்திருக்கும். 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கனரக எண்ணெய் எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் ஒதுங்கியதே, அப்போதும் இப்படித்தான் நடந்தது. வாளியில் மொண்டு சேர்த்த கசடைத் துறைமுக வளாகத்துக்குள் கொண்டுபோய், இந்தியன் ஆயில் ஆய்வு மையத்தின் நுண்ணுயிர்க் கலவை சேர்த்துப் பதப்படுத்தினார்கள். அது கரையிலிருந்து அகற்றிய கழிவைச் செரிக்கும் வேலை. கரையைச் சுத்தம் செய்யும் வேலை வேறு. செய்திகளில் இரண்டும் ஒரே பெயரில் வருவதால் குழப்பம்.

இதுவரை சொன்னதெல்லாம் சத்துக் கணக்கு. இதைவிடப் பெரிய கணக்கு காற்று. ஆல்கேன் சங்கிலியை உடைக்கும் முதல் வெட்டே ஆக்சிஜனால் போடப்படுவது. பாக்டீரியாவின் நொதி ஓர் ஆக்சிஜன் அணுவைச் சங்கிலியின் நுனியில் செருகி அதை ஆல்கஹாலாக்குகிறது. அதன் பிறகு அது கொழுப்பு அமிலமாகி, நம் உடம்பு நெய்யைச் செரிப்பதுபோல் இரண்டிரண்டு கார்பனாகத் துண்டாகிறது. முதல் வெட்டுக்கு மட்டுமல்ல, கடைசி வரை மூச்சு வேண்டும். ஸோபெலின் பழைய கணக்கு இன்றும் எடுத்தாளப்படுகிறது: ஒரு லிட்டர் எண்ணெயை முழுமையாகச் செரிக்க, 3,20,000 லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் முழுவதும் தேவை. திறந்த கடலில் இது ஒரு பொருட்டல்ல. ஒரு பிடி சேற்றுக்குள் அவ்வளவு நீர் எப்படிப் போகும்?

அலை மோதும் பருமணல் கரை மூச்சு விடும். ஏற்றத்தில் நீர் உள்ளே இறங்கும், வற்றத்தில் வடியும், பின்னாலேயே காற்று புகும். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளைமேடை வெடித்து, புளோரிடாவின் பென்சகோலா மணற்கரையில் எண்ணெய் புதைந்தபோது, மணலில் மெல்லிதாகப் பரவிக் கிடந்த பங்கு ஓராண்டு வாக்கில் பெரும்பாலும் சிதைந்தது. யாரும் உரமிடவில்லை. அதே கரையில், அதே மணலில், கோல்ஃப் பந்து அளவுக்கு உருண்டு இறுகிய எண்ணெய்க் கட்டிகள் கரைய முப்பது ஆண்டுக்கு மேலாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாக்டீரியா கட்டியின் மேல்தோலைத்தான் தொட முடியும், உள்ளே நீரும் இல்லை காற்றும் இல்லை. வாரிக் கொட்ட வேண்டியதை வாரிவிட்டு, வார முடியாத மெல்லிய மிச்சத்தை நுண்ணுயிருக்கு விடுவதுதான் முறை என்று வழிகாட்டிகள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மறுபடி அலாஸ்கா. ஜன்னல் திறந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2001இல் அரசு ஆய்வாளர்கள் அந்தக் கரைகளில் ஆயிரக்கணக்கான குழிகள் தோண்டினார்கள். மேலே சுத்தமான கல். கீழே, பல இடங்களில், நேற்றுக் கொட்டியதுபோல் எண்ணெய். முதல் ஆண்டுகளில் வேகமாகக் குறைந்துகொண்டிருந்த எண்ணெய், பிறகு ஆண்டுக்கு 4 விழுக்காடு என்ற நத்தை வேகத்துக்கு வந்திருந்தது. ஏன் என்பதற்கு மிஷேல் பூஃபடேலும் ஹைலாங் லியும் 2010இல் விடை சொன்னார்கள். அந்தக் கரைகள் இரண்டு அடுக்கு. மேலடுக்கில் நீர் தாராளமாக ஓடுகிறது. கீழடுக்கு அதைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு இறுக்கம். எண்ணெய் சிக்கிய கீழடுக்கில் ஆக்சிஜன் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. மேலே எத்தனை டன் உரம் தெளித்திருந்தாலும் கீழே இருந்தவற்றுக்கு அது எட்டாது, எட்டினாலும் மூச்சில்லாமல் தின்ன முடியாது. அந்தப் புகழ்பெற்ற ஜன்னல் கல்லின் மேற்பரப்பைப் பற்றி உண்மை சொன்னது. அதற்குக் கீழே அரையடியைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை.

சேற்றுக்கரைகளின் கதை இன்னும் நீளம். 1969 செப்டம்பரில் ‘புளோரிடா’ என்ற தோணிக்கப்பல் மாசசூசெட்ஸின் மேற்கு ஃபால்மவுத் அருகே தரைதட்டி, ஏறத்தாழ 7 லட்சம் லிட்டர் எரிநெய் உவர்ச் சதுப்பில் புகுந்தது. முப்பது ஆண்டு கழித்து உட்ஸ் ஹோல் ஆய்வாளர்கள் குழாய் இறக்கி எடுத்த சேற்றில், 6 முதல் 28 சென்டிமீட்டர் ஆழத்தில் அந்த எண்ணெய் அப்படியே இருந்தது. அங்குள்ள ஒற்றைக்கொடுக்கு நண்டுகள் வளை தோண்டும்போது அந்த ஆழம் வந்தால் திரும்பிவிடுகின்றன என்று பின்னர் கண்டார்கள். 1986இல் பனாமாவின் லாஸ் மினாஸ் விரிகுடாவில் சுத்திகரிப்பு ஆலைத் தொட்டி உடைந்து அலையாத்திக் காடுகளில் எண்ணெய் புகுந்தது; அந்தச் சேற்றில் நச்சு இருபது ஆண்டு நிற்கும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். வெப்பமண்டலம் என்பதால் பாக்டீரியா வேகமாக வேலை செய்யும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். வெயில் சேற்றுக்குள் ஆக்சிஜனைக் கொண்டுபோவதில்லை. சூடான நீரில் அது இன்னும் குறைவாகத்தான் கரையும்.

நமக்கு மிக நெருக்கமான சோதனை ஆஸ்திரேலியாவின் கிளாட்ஸ்டோனில் நடந்தது. அலையாத்திக் காட்டிலும் அருகிலிருந்த உவர்ச் சதுப்பிலும் கட்டங்கள் அமைத்து எண்ணெய் ஊற்றினார்கள். அலையாத்திக் கட்டங்களில் மெதுவாகக் கரையும் உரத்தோடு சேற்றுக்குள் காற்றையும் செலுத்தினார்கள். எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்கள் பல மடங்கு பெருகின. ஆனால் எண்ணெய் குறைந்த அளவில் அலையாத்திக் கட்டங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சதுப்பில், அதுவும் இலகு எண்ணெயில்தான், உரம் கொஞ்சம் கைகொடுத்தது. பாக்டீரியா எண்ணிக்கை ஏறியது என்ற வரைபடத்தைக் காட்டி வெற்றி அறிவிப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். ஆள் கூடியது வேறு, வேலை முடிந்தது வேறு. மாறாக, சிங்கப்பூரின் செமக்காவ் தீவு மணற்கரையில் மெதுவாகக் கரையும் ஆஸ்மோகோட் உரத்தை வைத்துச் செய்த சோதனைகள் நல்ல பலன் தந்தன. அங்கே மணல் மூச்சு விட்டது, குறை சத்தில்தான் இருந்தது.

ஆக்சிஜன் இல்லாத சேற்றிலும் எண்ணெயைத் தின்ன முடியாது என்பதில்லை. கடல்நீரில் ஏராளமாக உள்ள சல்பேட்டை வைத்து மூச்சு விடும் பாக்டீரியாக்கள் உண்டு; கழிச்சேற்றைக் காலால் கிளறினால் வரும் அழுகிய முட்டை வாடை அவற்றுடையது. ஆனால் அவை பொறுமைசாலிகள். அவற்றை விரைவுபடுத்த இத்தாலிய ஆய்வாளர்கள் 2015இல் ஒரு வேடிக்கையான வழி சொன்னார்கள். சேற்றுக்குள் ஒரு கிராஃபைட் தண்டைச் செருகு. கீழ்ப்பாதி மூச்சற்ற சேற்றில், மேல்பாதி ஆக்சிஜனுள்ள நீரில். கீழேயுள்ள பாக்டீரியா எண்ணெயிலிருந்து பிடுங்கிய எலெக்ட்ரானைத் தண்டின் வழியே மேலே அனுப்பும். முக்குளிப்பவர் வாயில் வைக்கும் மூச்சுக்குழாயின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஆய்வகத்தில் இது நடக்கிறது. ஒரு கழிமுகம் முழுக்கத் தண்டு நடும் செலவை யார் தருவார்கள் என்பது வேறு.

எளிய வழி ஒன்றைப் பாரசீக வளைகுடா காட்டியது. 1991 போரில் கடலில் விட்ட எண்ணெய் சவூதி அரேபியாவின் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் கரையைக் கெடுத்தது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது மணற்கரைகள் ஓரளவு தேறியிருந்தன. உவர்ச் சதுப்புகள் செத்துக் கிடந்தன. நண்டு வளைகளின் வழியே எண்ணெய் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. மேலே பாசிப்படலம் தோல்போல மூடி, ஓடைகள் தூர்ந்து, ஓதம் உள்ளே வருவதே நின்றிருந்தது. ஐ.நா. இழப்பீட்டு ஆணையத்தின் பணத்தில் நடந்த சீரமைப்பில் முக்கிய வேலை உரமோ பொடியோ அல்ல. தூர்ந்த ஓடைகளை மறுபடி வெட்டினார்கள். கடல் உள்ளே வந்தது. அதோடு ஆக்சிஜன் வந்தது, நண்டு வந்தது, நண்டு தோண்டிய புது வளைகளின் வழியே மறுபடி ஆக்சிஜன் வந்தது.

இதற்கு நேர் எதிரான கதை நைஜர் கழிமுகத்தின் ஒகோனிலாந்து. அங்கே எண்ணெய் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் கடைப்பிடித்த முறைக்கு அழகான பெயர் உண்டு: மேம்படுத்திய இயற்கைத் தணிப்பு. நடைமுறையில் மேல்மண்ணைக் கிளறிவிட்டு, உரமிட்டு, மீதியை இயற்கையிடம் ஒப்படைப்பது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2011இல் வெளியிட்ட ஆய்வறிக்கை அந்த முறை தோற்றுவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னது. சுத்தமாகிவிட்டதாகக் கணக்கில் எழுதிய இடங்களிலும் எண்ணெய் இருந்தது. சில இடங்களில் ஐந்து மீட்டருக்குக் கீழே இறங்கியிருந்தது. மேல் அரையடிக்கான மருந்தை ஐந்து மீட்டர் நோய்க்குக் கொடுத்தார்கள். மலிவு என்பதால் கொடுத்தார்கள். இந்தத் துறையின் உண்மையான ஆபத்து மரபணு மாற்றிய பாக்டீரியா தப்பி ஓடுவதில் இல்லை, இந்த மாதிரி மலிவுக் கணக்கில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது எண்ணூர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றின் கழிமுகத்துக்குள் புகுந்தது. படகும் வலையும் கறுத்தன, கூழைக்கடாக்களின் சிறகு ஒட்டிக்கொண்டது, அலையாத்தியின் மூச்சுவேர்களில் எண்ணெய் அப்பியது. மீனவர்களே படகில் போய் மொண்டார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. மிதக்கும் எண்ணெயை எடுத்த பின், சேற்றுக்குள் போனதை நுண்ணுயிர் போட்டுச் சரிசெய்யலாமே என்ற பேச்சும் எழுந்தது.

மேலே பார்த்த கரைகளின் வரிசையில் எண்ணூரை எங்கே வைப்பது? அலாஸ்காவின் சத்தில்லாத கூழாங்கல் கரையோடு அதற்கு ஒட்டுறவில்லை. நகரத்துச் சாக்கடை கலந்து வரும் கால்வாயின் முனையில் இருக்கும் கழிமுகம் இது. தழைச்சத்துக்கு அங்கே பஞ்சம் இருக்கும் என்று எதிர்பார்க்க முகாந்திரம் குறைவு. பல பத்தாண்டுகளாகத் தொழிற்சாலைகளுக்கு நடுவே கிடக்கும் சேற்றில் எண்ணெய் தின்னும் பாக்டீரியா இல்லாமல் இருக்கவும் வாய்ப்பு குறைவு. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்து, ஓதம் தாராளமாக வந்து போவதற்கு இடமில்லாமல் இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியும் குறை. இது டெலவேரின் சத்தும் ஃபால்மவுத்தின் சேறும் சேர்ந்த இடம். அங்கே மேலும் உரமிட்டால் பாசி பொங்கி, இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் அது குடித்துவிடக்கூடும். மீனவர்கள் வெகுகாலமாகக் கேட்டுவரும் சாம்பல் அகற்றலும் முகத்துவாரத் தூர்வாரலும், எந்த நுண்ணுயிர் மூட்டையையும்விடச் சேற்றுக்குள் மூச்சைக் கொண்டுபோகும். மூச்சுவேர்களைச் சுற்றி மிதித்துச் சுத்தம் செய்வதில் மட்டும் கவனம் வேண்டும். காலடி ஒவ்வொன்றும் மேலே இருக்கும் எண்ணெயைக் கீழே புதைக்கும்.

இது ஊகம்தானே என்று கேட்டால், ஆம், அளவெடுக்காத வரை ஊகம்தான். அளவெடுப்பது பெரிய வித்தையும் அல்ல. சேற்றின் இடுக்கு நீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் நைட்ரஜன், எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, மிச்ச எண்ணெயில் ஹோப்பேன் விகிதம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எப்படி மாறுகிறது. மூன்று எண்கள். சென்னையில் இந்தச் சோதனைகளைச் செய்யத்தக்க ஆய்வகங்கள் உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் இருபது இடத்தில் குழாய் இறக்கி, அந்த எண்களை அங்குள்ள காட்டுக்குப்பம் மீனவர் படிக்கும்படி தமிழில் வெளியிடுங்கள். ஒப்பந்தப்புள்ளி அதற்கப்புறம் வரட்டும்.